தீவு மின்நிலையத்துக்கு ஒரு ட்வின்

வடசென்னை அனல்மின் நிலையத்தில் ஒரு யூனிட் பழுதாகி நின்றால் சென்னைவாசிக்கு அது பத்திரிகையில் ஒரு மூலைச் செய்தி. வேறெங்கிருந்தாவது தேசிய மின்தொகுப்பு வழியாக மின்சாரம் வந்து குறையை நிரப்பிவிடும். அந்தமானில் அப்படி நடக்காது. சென்னைக்கும் தீவுகளின் தலைநகரான ஸ்ரீ விஜயபுரத்துக்கும் நடுவே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். (2024 செப்டம்பர் வரை இந்த ஊரின் பெயர் போர்ட் பிளேர், பேச்சில் இன்னும் அந்தப் பெயர்தான் முதலில் வருகிறது.) தேசிய மின்தொகுப்பின் கம்பி அந்தக் கடலைத் தாண்டவில்லை. கார் நிக்கோபாருக்கும் கிரேட் நிக்கோபாருக்கும் தலைநகரிலிருந்துகூட மின்சாரம் போவதில்லை. அங்கங்கே டீசல் ஜெனரேட்டர்கள். அவற்றுக்கு வேண்டிய டீசல் கப்பலில் வர வேண்டும். ஓர் இன்ஜினில் நாசில் தேய்ந்தால் மாற்று நாசிலும் கப்பலில்தான் வர வேண்டும்.

தொழில் உலகம் சில வருடங்களாக ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும் 'டிஜிட்டல் ட்வின்' என்ற விஷயத்தை விளக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பெரிய கார் ஆலைகளையும் விமான இன்ஜின்களையும் காட்டி விளக்குவதுதான் வழக்கம். அங்கெல்லாம் ட்வின் லாபத்தைக் கொஞ்சம் கூட்டும். தீவிலோ விளக்கு எரியுமா எரியாதா என்பதே கேள்வி.

ட்வின் என்றால் என்ன

ஓர் இயந்திரம், ஒரு பாலம், ஓர் ஆலை, ஒரு மின்தொகுப்பு என்று எதற்கு வேண்டுமானாலும் கணினிக்குள் ஒரு நகல் செய்யலாம். ஆனால் எல்லா நகலும் ட்வின் ஆகிவிடாது. ஆலை கட்டும்போது போட்ட வரைபடம் பிறந்த நேரத்தில் கணித்த ஜாதகம் மாதிரி. ஒருமுறை எழுதியதோடு சரி. ட்வின் என்பது ஆளின் நாடியை நிமிடத்துக்கு நிமிடம் பிடித்துப் பார்த்துத் திருத்தி எழுதப்படும் ஜாதகம். இயந்திரத்தில் பொருத்திய சென்சார்கள் வெப்பம், அழுத்தம், அதிர்வு, சுமை என்று அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களை வாங்கி, கணினியிலுள்ள நகல் தன்னை மாற்றிக்கொள்ளும். நிஜ இன்ஜின் இரண்டு வருடம் ஓடித் தேய்ந்திருந்தால் நகலும் அதே அளவு தேய்ந்திருக்கும்.

அப்புறம் அந்த நகலிடம் நாம் கேள்வி கேட்கலாம். இன்று மாலை சுமை இரண்டு மடங்கானால் தாங்குமா? இந்த பேரிங்கை இன்னும் ஒரு மாதம் விட்டுவைத்தால் என்ன ஆகும்? நிஜ இயந்திரத்தில் இதைச் சோதித்துப் பார்த்தால் இயந்திரம் போய்விடும். நகலில் ஆயிரம் தடவை உடைத்துப் பார்த்தாலும் செலவு கொஞ்சம் மின்சாரம்தான்.

இந்த யோசனையின் வேரைத் தேடுபவர்கள் அப்பல்லோ 13ல் போய் நிற்பார்கள். 1970 ஏப்ரலில் நிலவுக்குப் போய்க்கொண்டிருந்த அந்த விண்கலத்தில், பூமியிலிருந்து மூன்று லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், ஓர் ஆக்சிஜன் தொட்டி வெடித்தது. மூன்று பேருடைய உயிரும் மிச்சமிருந்த பேட்டரியை நம்பி இருந்தது. பயிற்சிக்காகத் தரையில் வைத்திருந்த சிமுலேட்டர்களை, மேலே விண்கலம் இருந்த நிலைக்கு ஏற்ப நாசாக்காரர்கள் மாற்றி அமைத்தார்கள். எந்தச் சுவிட்சை எந்த வரிசையில் போட்டால் பேட்டரி தாங்கும் என்பதை அதில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வானொலியில் சொன்னார்கள். வெளி உதவி வராத இடத்தில், கையிலிருக்கும் மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வேலை அது. தீவு மின்நிலையத்தில் ஷிப்ட் பார்ப்பவருக்குப் புதிதல்ல.

இதைத் தொழிற்சாலைக்கான திட்டமாக 2002ல் முன்வைத்தவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் கிரீவ்ஸ். 'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயர் 2010 வாக்கில் நாசாவின் ஜான் விக்கர்ஸ் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு சென்சார் விலை இறங்கியது, இணையம் பரவியது, கணினி வேகம் கூடியது. மென்பொருள் நிறுவனங்களின் விளம்பரத்தில் இந்தப் பெயர் ஏறியது. இப்போது முப்பரிமாணத்தில் சுழலும் எந்தப் படத்துக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள்.

பாம்பன் தரும் விளக்கம்

அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் மூன்று படிகளைப் பிரித்துச் சொல்வார்கள். நிஜப் பொருளோடு தொடர்பில்லாத கணினி நகல் வெறும் மாதிரி. நிஜத்திலிருந்து எண்கள் தானாக வந்து சேர்ந்து, ஆனால் முடிவை மனிதரே எடுத்துக் கையால் செய்தால் அது நிழல். எண்கள் வந்து, கணக்கு நடந்து, முடிவும் திரும்பிப் போய் நிஜ இயந்திரத்தைத் திருத்தினால்தான் ட்வின்.

நமக்குப் பழக்கமான உதாரணம் பாம்பன். 1914ல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில், உப்புக்காற்று இரும்பை எவ்வளவு தின்றிருக்கிறது என்பதைக் கண்காணிக்க சென்னை ஐ.ஐ.டி.யின் உதவியோடு சென்சார்கள் பொருத்தப்பட்டன. 2022 டிசம்பரில் கப்பலுக்காகத் திறக்கும் நடுப்பகுதியிலிருந்து எச்சரிக்கை வந்தது; பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை ராமேசுவரத்துக்குப் போன பயணிகள் மண்டபத்தில் இறங்கிப் பேருந்து பிடித்தார்கள். மேலே சொன்ன கணக்குப்படி அது நிழல்தான், ட்வின் அல்ல. ஆனால் வேலை செய்த நிழல். பெயர் எதுவாக இருந்தாலும், எச்சரிக்கை வந்ததும் ரயிலை நிறுத்தும் துணிச்சல் நிர்வாகத்துக்கு இருந்தது. அந்தத் துணிச்சல் இல்லாத இடத்தில் எத்தனை சென்சார் வைத்தாலும் வீண்.

ஒரு சிலிண்டரின் கதை

இனி தீவுக்கு வருவோம். டீசல் மின்நிலையத்தில் மணிக்கு ஒருமுறை ஆபரேட்டர் டார்ச்சும் கையுமாக இன்ஜினைச் சுற்றி வருவார். லூப் ஆயில் அழுத்தம், குளிர்நீர் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் வெளியேறும் புகையின் வெப்பம், சுமை எத்தனை கிலோவாட் என்று லாக் புக்கில் எழுதுவார். மாதம் முடிந்ததும் அந்தப் புத்தகம் அலமாரிக்குப் போகும். ஏதாவது உடைந்தால் மட்டும் வெளியே வரும்.

எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். ஏழு சிலிண்டரின் புகை 420 டிகிரியை ஒட்டி இருக்கிறது. ஐந்தாவது மட்டும் 450. அலாரம் அடிக்கும் எல்லை 500 என்று வைத்துக்கொள்வோம். ஆகவே அலாரம் அடிக்காது. ஆபரேட்டரும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார். அவர் மேல் தவறில்லை, எல்லை தாண்டவில்லையே.

ட்வின் எல்லையைப் பார்ப்பதில்லை. இன்று இந்தச் சுமையில், இந்தக் காற்று வெப்பத்தில், இத்தனை மணி நேரம் ஓடிய இந்த இன்ஜினின் ஐந்தாவது சிலிண்டர் எத்தனை டிகிரி இருக்க வேண்டும் என்று தானே கணக்குப் போடும். 425 என்று வருகிறது. நிஜத்தில் 450. இருபத்தைந்து டிகிரி வித்தியாசம். போன வாரம் அது பதினெட்டு. அதற்கு முந்தைய வாரம் பன்னிரண்டு. எல்லையைத் தொடுவதற்கு இன்னும் நாள் இருந்தாலும் போக்கு தெளிவாகிவிட்டது: டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் நாசில் தேய்கிறது, எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் பின்தங்கி எரிகிறது. இப்படியே விட்டால் வால்வு கருகும். அப்புறம் சிலிண்டர் ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

சென்னையில் இதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடலாம். ஆட்டோவை அனுப்பினால் உதிரிபாகம் மாலைக்குள் வந்துவிடும். தீவில் முடியாது. பாகத்தை மெயின்லேண்டில் ஆர்டர் போட்டு, கப்பல் தேதி பார்த்து, ஏற்றி, மூன்று நாள் கடலைக் கடந்து இறக்க வேண்டும். தென் தீவுகளுக்கு அங்கிருந்து இன்னொரு கப்பல். மழைக்காலக் கடல் ஒத்துழைக்காவிட்டால் அதுவும் தள்ளிப்போகும். அவசரமென்றால் விமானம், அதற்குத் தனிச் செலவு. இந்தக் கணக்கில் மூன்று வாரம் முன்கூட்டியே தெரிவது பெரிய விஷயம். மெயின்லேண்டில் அதே மூன்று வாரம் கொஞ்சம் வசதி, அவ்வளவுதான்.

ட்வினை யார் வாங்க வேண்டும் என்பதற்கு என்னைக் கேட்டால் இதுதான் அளவுகோல். உதிரிபாகம் வந்து சேரும் நேரம் எவ்வளவு நீளமோ, ட்வினின் மதிப்பும் அவ்வளவு பெரிது.

பயத்துக்குக் கொடுக்கும் டீசல்

இன்ஜின் உடைவதைத் தடுப்பது ஒரு லாபம். அன்றாடம் மிச்சமாவது வேறு.

ஒரு சின்னத் தீவில் நள்ளிரவில் 700 கிலோவாட் தேவைப்படுகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். கையில் 1,000 கிலோவாட் இன்ஜின்கள் இரண்டு. ஒன்றே போதும். ஆனால் அது திடீரென்று நின்றுவிட்டால்? ஊரே இருளும், மருத்துவமனையில் கேள்வி வரும், மறுநாள் விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அதனால் இரண்டையும் ஓட்டுவார்கள், ஆளுக்கு 350 கிலோவாட். டீசல் இன்ஜின் பாதிச் சுமைக்குக் கீழே ஓடினால் எரிபொருளை வீணாக்கும். முக்கால் சுமையில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 3.7 யூனிட் தரும் இன்ஜின், மூன்றில் ஒரு பங்குச் சுமையில் 3.1 யூனிட்தான் தரும். கூட்டிக் கழித்தால் மணிக்கு முப்பத்தைந்து லிட்டருக்கு மேல் கூடுதல் செலவு. எட்டு மணி நேர இரவுக்கு 300 லிட்டரை நெருங்கும். போதாததற்குக் குறைந்த சுமையில் ஓடும் இன்ஜினுக்குள் கரி படிந்து ஆயுளும் குறையும்.

அந்த 300 லிட்டரும் பயத்துக்குக் கொடுக்கிற விலை. பயம் நியாயமானது, இன்ஜினின் உள்நிலை யாருக்கும் தெரியாத வரைக்கும். முதல் இன்ஜினின் எல்லா எண்களும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன, கடந்த ஒரு மாதமாக எந்தப் போக்கும் மாறவில்லை என்று ட்வின் காட்டும்போது, இரண்டாவதை நிறுத்தி வைக்கலாம் என்ற முடிவுக்கு ஓர் ஆதாரம் கிடைக்கிறது. அப்படியும் முதலாவது நின்றுவிட்டால், இரண்டாவதை ஸ்டார்ட் செய்து கம்பியில் இணைக்கும் வரைக்கும் சில நிமிடங்களைத் தாங்க ஒரு பேட்டரி வேண்டும். பேட்டரி இல்லாமல் வெறும் மென்பொருளை நம்பி இரண்டாவது இன்ஜினை அணைக்கச் சொன்னால் எந்த நல்ல ஆபரேட்டரும் கேட்க மாட்டார், கேட்கவும் கூடாது.

பேட்டரி தென் அந்தமானில் வந்தாயிற்று. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும் நம்ம ஊர் என்.எல்.சி., அட்டம் பஹாட், டாலிகஞ்ச் பகுதிகளில் 20 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை 8 மெகாவாட்-மணி பேட்டரியோடு அமைத்தது. 2020ல் அது இயக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பே, 2013ல், என்.டி.பி.சி. காராச்சர்மாவில் 5 மெகாவாட் சூரிய நிலையம் வைத்திருந்தது. வடக்கே டிக்ளிப்பூர் பக்கம் கல்போங் ஆற்றில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையமும் உண்டு.

அந்தமானில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும். வருடத்தில் பாதிக்கு மேல் மேகம். மேகம் ஒன்று பேனல்களைக் கடந்தால் சில நொடிகளில் மெகாவாட் கணக்கில் மின்சாரம் இறங்கும். கடந்து போனதும் அதே வேகத்தில் ஏறும். நாடு தழுவிய பெரிய தொகுப்பில் இது தெரியவே தெரியாது. மொத்தத் தேவையே சில பத்து மெகாவாட் என்றிருக்கும் தீவில் மின்னதிர்வெண் ஆடிப்போய், பாதுகாப்பு ரிலேக்கள் விழுந்து, ஊர் இருண்டுவிடலாம். அந்த இடைவெளியை நிரப்பத்தான் பேட்டரி. 10 மெகாவாட் திடீரெனக் குறைந்தால் 8 மெகாவாட்-மணியை வைத்துக் காகிதக் கணக்குப்படி 48 நிமிடம் சமாளிக்கலாம். ஒரு டீசல் இன்ஜினை எழுப்ப இது தாராளம்.

ட்வின் இங்கே செய்யக்கூடிய வேலை முன்கூட்டியே தயாராவது. மேகம் எந்தத் திசையிலிருந்து வருகிறது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம், எந்த இன்ஜின் சூடாக நிற்கிறது, இன்னும் அரை மணியில் அலுவலகங்கள் ஏ.சி.யை அணைக்குமா என்று எல்லாவற்றையும் சேர்த்து நகலில் ஓட்டிப் பார்த்து, 'மூன்றாம் எண் இன்ஜினை இப்போதே எழுப்பு' என்று சொல்வது. அனுபவமுள்ள ஷிப்ட் பொறுப்பாளர் வானத்தைப் பார்த்தே இதைச் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற மறுநாள் யார் சொல்வது?

எண்கள் போகும் வழி

சென்சார் எண்ணைத் தந்தால் மட்டும் போதாது. அது போய்ச் சேர வழி வேண்டும். 2020 வரை அந்தமானின் இணையம் செயற்கைக்கோளை நம்பி இருந்தது. படம் ஒன்று திறக்கவே பொறுமை வேண்டும். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னை–அந்தமான் நிக்கோபார் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர், செலவு 1,224 கோடி ரூபாய். சென்னையிலிருந்து தலைநகருக்கும், அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகியவற்றுக்கும் போகிறது. கார் நிக்கோபாரின் இன்ஜினைப் பற்றிச் சென்னையில் உட்கார்ந்திருக்கும் நிபுணர் நேரலையில் பேச இன்று வழி இருக்கிறது என்றால் இந்தக் கேபிளால்தான்.

ஆனாலும் ட்வினின் கணக்கு முழுவதும் மெயின்லேண்டு சர்வரில் நடக்கும்படி அமைப்பது தப்பு. கப்பல் நங்கூரம் பட்டோ நிலநடுக்கத்திலோ கேபிள் அறுந்தால், அறுந்த இடத்தை ஒளியைச் செலுத்தி எதிரொலி பார்த்துக் கண்டுபிடிக்கலாம். கண்ணாடியிழையில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். எதிரொலி ஒரு மில்லி வினாடியில் திரும்பினால் வெட்டு நூறு கிலோமீட்டர் தள்ளி. இடம் உடனே தெரிந்துவிடும். ஒட்டுப்போடும் கப்பல் வந்து சேர நாளாகும். அதுவரை தீவின் மூளை தீவிலேயே இருக்க வேண்டும். நீண்டகால ஆய்வுக்கு மட்டும் எண்களைச் சென்னைக்கு அனுப்பினால் போதும்.

நிலமே நகர்ந்த காலை

ட்வினைப் பற்றி எழுதுபவர்கள் அதிகம் பேசாத ஓர் ஆபத்து உண்டு. நகல் பழையதாகிப்போவது. இதை அந்தமான் நிக்கோபாரைவிடக் கடுமையாகக் கற்ற இடம் குறைவு.

2004 டிசம்பர் 26 காலை, 9.1 அளவு நிலநடுக்கம். சுனாமி அடித்தது உலகுக்கே தெரியும். அலை வற்றிய பிறகும் திரும்பாத மாற்றம் நிலத்தில் நடந்திருந்தது. கிரேட் நிக்கோபாரின் தென்கோடி, இந்திரா முனையில், தரை 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. கலங்கரை விளக்கத்தின் அடியைக் கடல் சூழ்ந்தது. தலைநகர்ப் பகுதி ஒரு மீட்டரை ஒட்டி இறங்கியது. பக்கத்திலுள்ள சிப்பிகாட்டில் நெல் விளைந்த வயல்களுக்குள் கடல்நீர் ஏறி, இன்றும் அது சதுப்பு நிலம்தான். வட அந்தமானில் இதற்கு நேர்மாறு: கரை மேலே எழும்பி, பவளப்பாறைகள் வெயிலில் காய்ந்தன. ஒரே காலையில் கடல் வரைபடம், ஜெட்டியின் உயரம், ஓத அட்டவணை எல்லாம் பொய்யாகின.

2004 டிசம்பர் 25 அன்று இந்தத் தீவுகளுக்கு அருமையான ஒரு டிஜிட்டல் நகலை யாராவது செய்து முடித்திருந்தால், மறுநாள் மதியம் அது இல்லாத ஊரின் படமாகியிருக்கும். அளந்து திருத்த ஆளும் கருவியும் தொடர்ந்து இருந்தால் ஒழிய ட்வின் ஏமாற்றும். அதுவும் நம்பிக்கையோடு ஏமாற்றும்; திரையில் எல்லாம் பச்சையாகவே இருக்கும்.

அந்தப் பேரழிவுக்குப் பிறகு பிறந்த ஏற்பாடு ஒன்று ட்வினுக்கு நெருங்கிய உறவு. ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தில் 2007 அக்டோபர் முதல் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகிறது. நிலநடுக்கம் வந்த பிறகு அலையைக் கணக்கிட உட்கார்ந்தால் நிக்கோபாருக்கு நேரம் இருக்காது. அதனால் எந்த இடத்தில், எவ்வளவு பெரிய நடுக்கம் வந்தால் எந்தக் கரையில் எவ்வளவு உயரம் அலை வரும் என்று முன்கூட்டியே ஓட்டிப் பார்த்த கணக்குகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். நடுக்கம் வந்ததும் பொருந்தும் கணக்கை எடுத்து எச்சரிக்கை போகும். பிறகு கடலடி அழுத்தமானிகளும் ஓதமானிகளும் காட்டும் நிஜ அளவை வைத்து அதைத் திருத்துவார்கள் அல்லது விலக்குவார்கள்.

2012 ஏப்ரல் 11 நினைவிருக்கிறதா? சுமத்ரா பக்கம் 8.6 அளவு நடுக்கம். நிக்கோபாருக்குச் சுனாமி எச்சரிக்கை போயிற்று, சென்னையில் அலுவலகங்களிலிருந்து மக்கள் தெருவுக்கு ஓடி வந்தார்கள். அந்த முறை கடல் தரை செங்குத்தாக எழாமல் பக்கவாட்டில் நழுவியிருந்ததால் பெரிய அலை எழவில்லை. கடலில் அளந்த எண்கள் அதைக் காட்டின. சில மணி நேரத்தில் எச்சரிக்கை விலக்கப்பட்டது. முதலில் பேசியது முன்கூட்டிப் போட்ட கணக்கு, அதைத் திருத்தியது அளவை. இரண்டும் இருந்ததால் அமைப்பு தன் வேலையைச் செய்தது.

மற்ற தொழில்கள், சுருக்கமாக

வெளியுலகில் ட்வின் நன்றாக வேரூன்றியது விமான இன்ஜின்களில். ரோல்ஸ் ராய்ஸ், ஜி.இ. போன்றவை இன்ஜினை விற்பதோடு நிற்பதில்லை. பறக்கும் மணிக்கு இவ்வளவு என்று பராமரிப்புக்குக் காசு வாங்குகின்றன. அப்படியென்றால் இன்ஜின் பழுதாகி நின்றால் நட்டம் அவர்களுக்கே. ஒவ்வொரு இன்ஜினின் தேய்மானத்தையும் தனித்தனியே தொடர்ந்து பார்க்க அவர்களுக்குக் காரணம் இருக்கிறது. சிங்கப்பூர் தன் மின்தொகுப்புக்கு ட்வின் செய்யும் வேலையை 2021ல் அறிவித்தது: மின்மாற்றி, கேபிள் போன்றவற்றின் உடல்நிலையைப் பார்க்க ஒன்று, புதிய சுமைகளைத் தொகுப்பு தாங்குமா என்று பார்க்க இன்னொன்று. ராட்டர்டாம் துறைமுகம் அலை, காற்று, நீரோட்டம் அளந்து கப்பல் எப்போது நுழையலாம் என்று சொல்லும் அமைப்பை வளர்த்து வருகிறது. இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2024 பிப்ரவரியில் 'சங்கம்' என்ற பெயரில் ட்வின் முயற்சி ஒன்றைத் தொடங்கியது.

அந்தமானில் மின்சாரத்துக்கு அடுத்துத் தண்ணீர். தலைநகருக்கு முக்கிய ஆதாரம் தனிக்காரி அணை. கோடையில் நீர் இறங்கினால் முறை வைத்து விடுவார்கள். குழாய் வலையின் நகலில் எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்க வேண்டும் என்பது தெரியும். நிஜத்தில் குறைந்தால் நடுவே எங்கோ கசிகிறது என்று பொருள். இதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகத் தரும் இ.பி.ஏ.நெட் மென்பொருளே போதும். மென்பொருளைவிடக் குழாய்களின் சரியான வரைபடம் கிடைப்பதுதான் நம் ஊர்களில் சிரமம்.

கிரேட் நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் பெரிய சரக்குப் பரிமாற்றத் துறைமுகம் திட்டமிடப்பட்டிருக்கிறது. புதிதாகக் கட்டுவதென்றால் முதல் நாளிலிருந்தே ட்வினோடு கட்டலாம். தொழில்நுட்பமாகப் பார்த்தால் அது சுலபம். ஆனால் அந்தக் கரைதான் தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் இடம். நிலம் 4 மீட்டர் இறங்கிய தீவும் அதுவே. எப்படிக் கட்டினால் கிரேன் காத்திருக்காது என்று ட்வின் சொல்லும். கட்டலாமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் எதிர்பார்க்கக் கூடாது. எதிர்பார்ப்பவர்கள் அந்தக் கேள்வியைத் தவிர்க்க நினைக்கிறார்கள் என்றே எனக்குப் படுகிறது.

வாங்குமுன்

ட்வினின் செலவு மென்பொருள் விலையோடு முடிவதில்லை. உப்புக்காற்றில் சென்சாரின் முனை துருப்பிடிக்கும், ஈரம் புகுந்து தப்பான எண் காட்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஒருவர் ஒப்பிட்டுச் சரிபார்க்க வேண்டும். எந்த எண்ணை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்று சொல்ல இன்ஜினோடு பழகிய ஆள் வேண்டும். முடிவு திரும்பிப் போய் இயந்திரத்தைத் திருப்பும் வசதி இருந்தால், அதே வழியில் வேண்டாதவனும் நுழைய முடியும்; அந்தக் கதவுக்குப் பூட்டு முதல் நாளே போட வேண்டும்.

அதனால் தீவு நிர்வாகத்திலோ, ஒரு விசைப்படகுத் துறையிலோ, ஐஸ் பேக்டரியிலோ பொறுப்பில் இருப்பவர் இதைப் படித்தால், முழுத் தீவுக்கும் ட்வின் என்று பேச வருபவரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள். அலமாரியிலுள்ள லாக் புக்குகளை எடுத்து, ஒரே ஓர் இன்ஜினின் மூன்று வருட எண்களைக் கணினியில் ஏற்றுங்கள். அடிக்கடி நிற்கும் அந்த ஒரு இன்ஜினுக்கு மட்டும் சென்சார் வையுங்கள். ஒரு மழைக்காலம் ஓடட்டும். அந்த இன்ஜினில் வரவிருந்த ஒரு பழுதையாவது முன்கூட்டிச் சொன்னதா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள். சொல்லியிருந்தால் அடுத்த இன்ஜினுக்குப் போகலாம். சொல்லவில்லை என்றால், திரையில் படம் எவ்வளவு அழகாகச் சுழன்றாலும் அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.